ஃபை கப்பா ஃபை அழைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிப்பில் முன்னணியில் இருப்போரைச் சேர்த்துக்கொள்ளும் ஆனர் சொசைட்டிகள் பல உள்ளன. அவற்றுள் டாவ் பீட்டா பை பொறியியல் மாணவர்களுக்கானது. 1897-இல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபை கப்பா ஃபை எல்லாத் துறையினரையும் சேர்த்துக்கொள்கிறது. முதுகலை படித்தபோது நான் சேர்ந்தது இதில்தான் என்பதால், இதன் வழிமுறையையே விளக்குகிறேன்.

முதலில் தகுதி. இதற்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் பல்கலைக்கழகத்திலுள்ள சங்கக் கிளைதான் அழைக்க வேண்டும். இளங்கலை மூன்றாம் ஆண்டினரில் முதல் 7.5 சதவீதத்தினரும், இறுதியாண்டினரிலும் முதுகலை மாணவரிலும் முதல் 10 சதவீதத்தினரும் அழைப்புக்கு உரியவர்கள். உடன் படிப்போரின் மதிப்பெண்ணைப் பொறுத்து எல்லை ஏறி இறங்குமாதலால், இவ்வளவு ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண் புள்ளி) போதும் என்று ஒரே எண்ணைச் சொல்ல இயலாது.

அடுத்தது, அழைப்பு உண்மையா என்று உறுதிசெய்வது. நான் மிகவும் திணறியது இங்கேதான். ஏனெனில் ஒரே பருவத்தில் வெவ்வேறு சங்கங்களிடமிருந்து தங்கமுத்திரை பதித்த மின்னஞ்சல்கள் வந்தன, எல்லாமே கட்டணம் கேட்டன. மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், உங்கள் பல்கலைக்கழக இணையதளத்தைத் தனியே திறந்து, அந்தச் சங்கத்தின் கிளைக்குப் பக்கம் இருக்கிறதா, பொறுப்புப் பேராசிரியரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனர் சொசைட்டிகள் சேர்ந்து 1925-இல் உருவாக்கிய ஏ.சி.எச்.எஸ். கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியலும் உதவும். ஆனால் அதில் இல்லை என்பதற்காகவே ஒரு சங்கத்தைப் போலி என்று முடிவுகட்டக் கூடாது. இணைய விவாதங்களைப் படிப்பதைவிட, பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து அந்தப் பேராசிரியருக்கு நேரடியாக எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். “இந்த அழைப்பு தங்கள் கிளை அனுப்பியதுதானா? ஏற்பதற்குக் கடைசித் தேதி எது?” என்ற இரண்டு வரிகள் போதும். தொலைபேசியில் கேட்டால் கையில் ஆதாரம் எதுவும் மிஞ்சாது.

உறுதியானதும், சங்கத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் அழைப்பை ஏற்றுக் கட்டணம் செலுத்துங்கள். கடைசித் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். செலுத்துவதற்கு முன், சான்றிதழில் அச்சாகும் பெயரைப் பாருங்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பதால், அமெரிக்க விசாவில் முதற்பெயருக்குரிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள் விழுந்துவிடுகின்றன. பல்கலைக்கழகப் பதிவேட்டிலும் அதுவே தொடர்ந்தால், சான்றிதழிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பின்சேர்க்கை: தகுதியிருந்தும் அழைப்பு வரவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். மாணவர்களின் கல்விப் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி, தங்கள் விவரங்களை வெளியிட வேண்டாம் என்று மாணவர்கள் தடைவைக்கலாம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அப்படித் தடைவைத்திருந்தால், உங்கள் பெயர் கிளைக்குப் போய்ச் சேராமலே இருக்கக்கூடும். பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பட்டமளிப்பு விழாவில் சங்கத்தின் அடையாளமாக அணியும் கயிறும் தோள்துண்டும் பெரும்பாலும் தனிச் செலவு; அவற்றை அணிய உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று கேட்ட பிறகே வாங்குங்கள்.