வேலூரிலிருந்து தொலைதூரப் பயணம்: ரயிலா, விமானமா என்று முடிவு செய்வது எப்படி?

டெல்லிக்கு விமானத்தில் மூன்று மணி நேரம், ரயிலில் இரண்டு இரவு என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு அது ஏறக்குறைய சரியான கணக்கு. சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ இருப்பவருக்கு அது பாதிக் கணக்குதான். வேலூரின் அப்துல்லாபுரம் விமான நிலையத்தைச் சிறு நகரங்களுக்கு விமான சேவை தரும் உடான் திட்டத்தின் கீழ்ப் புதுப்பித்தும் அங்கிருந்து பயணிகள் சேவை தொடங்காத நிலையில், விமானம் ஏற விரும்பும் வேலூர்க்காரர் முதலில் 100 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியாகவே போக வேண்டியிருக்கிறது. ரயிலைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது; பிற்பாடு மேற்கே நீண்ட அந்தப் பாதையில், திருப்பதிக்கும் விழுப்புரத்துக்கும் கிளை பிரியும் சந்திப்பாகக் காட்பாடி வளர்ந்ததால், கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வடக்கே போகும் ரயில்கள் பல இங்கே நின்று செல்கின்றன. ஆகவே வேலூரிலிருந்து ரயிலையும் விமானத்தையும் ஒப்பிடுகிறவர், சென்னைவாசி போடும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாசலிலிருந்து வாசல்வரை

முதலில் ஒரு தாளில் நேரத்தை எழுதிப் பாருங்கள். வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் சாலை வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றாலும், ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலைப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் சேர்ந்துகொள்ளும் வேளையில் சிக்கினால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும் என்பதால், மூன்றரை மணி நேரம் ஒதுக்குவதே விவேகம். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையையும் கருதினால் இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். இறங்கிய இடத்தில் பெட்டிக்குக் காத்திருந்து ஊருக்குள் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். எல்லாவற்றையும் கூட்டினால், எந்த ஊருக்குப் பறந்தாலும் வானத்தில் இருக்கும் நேரம் நீங்கலாக ஏழு மணி நேரம் கையை விட்டுப் போகிறது. காலை 9 மணி விமானத்தில் டெல்லிக்குப் போகிறவர் வேலூரை விடியற்காலை மூன்றரைக்கே விட்டுக் கிளம்பி, பகல் ஒன்றரைக்குத் தங்குமிடத்தை அடைகிறார். மூன்று மணி நேரப் பயணம் என்று சொல்லப்பட்டது உண்மையில் பத்து மணி நேரப் பயணம்.

இந்த ஏழு மணி நேரத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டால் பல கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும். பெங்களூருக்குக் காட்பாடியிலிருந்து ரயிலில் மூன்று, மூன்றரை மணி நேரம்தான். 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை–மைசூரு வந்தே பாரத் ரயிலும் இங்கே நிற்கிறது. கோவைக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். கோவைக்கு விமானம் பிடிக்க எதிர்த் திசையில் சென்னைக்குப் போவது எந்தக் கணக்கிலும் தேறாது. என் அனுபவத்தில் நல்ல அளவுகோல் இதுதான்: காட்பாடியிலிருந்து நேரடி ரயில் இருந்து, ஓர் இரவுக்குள், அதாவது பதினான்கு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும் என்றால் விமானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ரயிலில் ஒரு முழு நாளைத் தாண்டும் என்றால், வலுவான வேறு காரணம் இல்லாதவரை விமானம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களுக்குத்தான் பணமும் உடல்நிலையும் சுமையும் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

விமான நிலையத்துக்கு எப்படிப் போவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். தனியாகப் போகிறவர் காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரத்தில் ரயிலில் வந்து, அங்கேயே தரைக்கடியில் இறங்கி நீல வழித்தட மெட்ரோவில் மாறாமல் விமான நிலையத்துக்கே போய்விடலாம். ஆனால் இரவு பதினொன்றுக்கு மேல் விடியும்வரை மெட்ரோ இல்லை என்பதால், காலை ஆறு மணி விமானத்துக்கு இந்த வழி உதவாது. அதற்கு நள்ளிரவில் கார்தான் எடுக்க வேண்டும். வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்தவர்கள் பெங்களூரு விமான நிலையத்தையும் பார்க்கலாம். ஆயினும் அது இருக்கும் தேவனஹள்ளி, பெங்களூரு நகருக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தள்ளி இருப்பதை மறந்துவிடக் கூடாது. ஐதராபாத்துக்கு மட்டும் ரேணிகுண்டாவிலுள்ள திருப்பதி விமான நிலையத்தையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பணக் கணக்கு

விமானக் கட்டணத்தை ரயிலின் சாதாரணப் படுக்கைக் கட்டணத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை. மூன்றடுக்கு ஏசியோடு ஒப்பிடுங்கள். டிக்கெட் விலையோடு விமான நிலையம் போய்வரும் காரின் வாடகை, வாலாஜா அருகே சென்னசமுத்திரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கட்டும் சுங்கம், 15 கிலோவுக்கு மேல் போகும் சுமைக்கான கட்டணம், இருக்கையைத் தேர்வு செய்யக் கேட்கும் தொகை ஆகியவற்றைச் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும். டிக்கெட் 5,500 ரூபாய்க்குக் கிடைத்தது, கார் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் போகிறவருக்கு ஒரு வழிக்கு 9,500 ஆகிறது. அவர் மெட்ரோ வழியாகப் போனால் 6,000க்குள் முடிந்துவிடும். நால்வர் போனால் காரின் பங்கு ஆளுக்கு 1,000தான், ஆனால் டிக்கெட் மட்டுமே 22,000.

குழந்தைகள் இருக்கும் குடும்பத்தில் கணக்கு மேலும் மாறும். ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமே இல்லை. விமானத்திலோ இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், கட்டணமும் ஏறக்குறைய பெரியவருக்குரியதே. மூன்று வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு விதியே முடிவைத் தீர்மானித்துவிடும்.

காட்பாடியின் காத்திருப்போர் பட்டியல்

ரயில்தான் என்று முடிவு செய்தவருக்கு உண்மையான தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்காக சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து திரும்பும் குடும்பங்களும், பருவத் தேர்வு முடிந்து ஊருக்குப் போகும் விஐடி மாணவர்களும் அதே ரயில்களையே நம்பியிருப்பதால், கிழக்கே போகும் ரயில்களில் இடம் வெகு விரைவில் தீர்ந்துவிடுகிறது.

காட்பாடி இடைநிலையம் என்பதால் இங்கிருந்து ஏறுவோருக்கான ஒதுக்கீடு பல ரயில்களில் சிறியது. காத்திருப்போர் டிக்கெட் கிடைத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஜிஎன்டபிள்யூஎல் (GNWL, பொதுக் காத்திருப்போர் பட்டியல்) என்றிருந்தால் நகர்வதற்கு வாய்ப்பு உண்டு. ஆர்எல்டபிள்யூஎல் (RLWL, இடைநிலையங்களுக்கான பட்டியல்) அல்லது பிகியூடபிள்யூஎல் (PQWL, பல நிலையங்களுக்குப் பொதுவான ஒதுக்கீட்டின் பட்டியல்) என்றிருந்தால், எண் சிறியதாகவே இருந்தாலும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. பெங்களூரிலிருந்து புறப்பட்டுக் காட்பாடி வழியாக ஹவுராவுக்குப் போகும் ரயிலில், காட்பாடியிலிருந்து இடம் இல்லாவிட்டாலும் பெங்களூரிலிருந்து இருக்கக்கூடும். பெங்களூரிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையம் காட்பாடி என்று பதிவு செய்துகொள்ளலாம். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான ரயில் கட்டணம் குறைந்துகொண்டே போவதால், கூடுதலாகக் கொடுக்கும் தொகை நாம் பயப்படுகிற அளவுக்கு இருப்பதில்லை. ஆனால் ஏறும் நிலையத்தை மாற்றாமல் காட்பாடியில் போய் நின்றால், அதற்குள் பரிசோதகர் உங்கள் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்.

தட்கலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், படுக்கை வகுப்புக்கு 11 மணிக்கும் முதல் நாள் திறக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த முதல் நாள், ரயில் தன் தொடக்க நிலையத்திலிருந்து கிளம்பும் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 9ஆம் தேதி கிளம்பி 10ஆம் தேதி அதிகாலையில் காட்பாடிக்கு வரும் ரயிலுக்குத் தட்கல் 8ஆம் தேதியே திறந்துவிடும். 9ஆம் தேதி காலையில் போய் உட்காருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்பதால், அதை அவசரத்துக்கு முன்பே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியோடு போகும்போது

சிகிச்சை முடித்துத் திரும்புகிறவருக்கு விமானமே வசதி என்று பலரும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமானது. நெஞ்சிலோ வயிற்றிலோ கண்ணிலோ அண்மையில் அறுவை சிகிச்சை நடந்தவருக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விமான நிறுவனமும் பயணத்துக்கு உடல் தகுதி உண்டென்று எழுத்தில் கேட்கும். ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, வீடு திரும்பும் நாளைக் குறிக்கும் மருத்துவரிடம் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ரயிலில் படுத்துக்கொண்டு போகலாம், எழுந்து நடக்கலாம். ஆனால் ஒன்றரை நாள் அதே கழிப்பறையைப் பலரோடு பகிர்ந்துகொள்வது, புண் ஆறாதவருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கும் சிறிய விஷயமல்ல.

ரயிலின் பக்கம் பெரிய ஆதாயம் சலுகைக் கட்டணம். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பயணம் செய்பவருக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் போகும் ஒருவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. மருத்துவமனை தரும் படிவத்தை முன்பதிவு கவுண்டரில் கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது; கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு மட்டும் தொடர்கிறது.

காட்பாடி நடைமேடையில் ஏறும் நேரத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல ரயில்கள் சில நிமிடங்களே நிற்கின்றன. ஒரு கையில் எக்ஸ்ரே உறையும் மருத்துவக் கோப்பும், மறு கையில் சக்கர நாற்காலியுமாக இருக்கிறவர், பெட்டி எண் காட்டும் பலகையைக் கவனிக்காமல் நடுவில் நின்றுவிட்டால், தம் பெட்டி நடைமேடையின் மறுகோடியில் போய் நிற்பதைப் பார்த்துக்கொண்டு ஓட முடியாது. போர்ட்டரிடம் முன்கூட்டியே பெட்டி எண்ணைச் சொல்லி, அரை மணி நேரம் முன்பே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். இந்த ஒன்றில் விமானம் தெளிவாக மேல்: டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிட்டால் வாசலிலிருந்து இருக்கைவரை ஆள் கூட வருவார்.

சுமையும் வானிலையும்

படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். விமானத்தில் பொதுவாக 15 கிலோவும் கைப்பையில் 7 கிலோவும்தான். ராணிப்பேட்டையிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் தோல் மாதிரிகளைச் சுமந்து போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு காசு. வீட்டிலிருந்து மகளுக்குக் கொண்டுபோகும் எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால், சோதனைக் கவுண்டரிலேயே அதை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பெரிய பெட்டிக்குள் வைத்துக் கட்டுங்கள். பவர் பேங்க் மட்டும் அதற்கு நேர்மாறாகக் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் வட இந்தியப் பனிமூட்டம் இரண்டையும் ஒன்றுபோலவே தாமதப்படுத்தும். நம் பக்கத்தில் புயல் மழைக் காலத்தை விமானப் பயணி கணக்கில் கொள்ள வேண்டும்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்தை மூட நேர்ந்தது; 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது, நம் அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணத்தைக் கைவிட்டால், ரயில் கிளம்புவதற்கு முன் டிடிஆர் (TDR) எனப்படும் பணம் திரும்பக் கோரும் விண்ணப்பத்தைப் பதிவு செய்து முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம். விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுத் தொகையோ கேட்க உரிமை உண்டு. ஆனால் விமான நிலையம் போய்வந்த கார் வாடகையை யாரும் தரமாட்டார்கள்.

போக ஒன்று, வர ஒன்று

போக வர இரண்டுக்கும் ஒரே வழி என்ற கட்டாயமில்லை. திருமணத்துக்கோ நேர்முகத் தேர்வுக்கோ குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய பயணத்தில், போகும்போது ஒரு நாள் இடைவெளி விட்டு ரயிலில் போய், திரும்பும்போது விமானத்தில் வரலாம். விடுமுறை முடிந்து மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவருக்கும் இதுவே ஏற்றது. அப்படித் திரும்பும் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், சென்னையில் இறங்கும் நேரத்தையும் பாருங்கள். இரவு பத்தரைக்கு இறங்கும் விமானம் 800 ரூபாய் மலிவாக இருக்கும். பெட்டி வருவதற்குள் மெட்ரோ நின்றுவிட்டால், அந்த 800ஐப் போலப் பல மடங்கு நள்ளிரவுக் காருக்குப் போகும். மாலை ஆறு மணிக்குள் இறங்கும்படி எடுத்தால் சென்ட்ரலுக்கு வந்து, மேற்கே போகும் மாலை ரயில்களில் ஒன்றைப் பிடித்து, காட்பாடியில் ஷேர் ஆட்டோ கிடைக்கிற நேரத்துக்குள் இறங்கிவிடலாம்.