சிறு தீவுக்கு முதல் பயணம்: நாள் குறிப்பதிலிருந்து கரை திரும்பும் வரை

சிறு தீவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது தங்கும் அறையை. தேட வேண்டியது ஓத அட்டவணையை. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதைப் பார்த்துத்தான் அங்கே பல படகுகள் கிளம்பும். குளிக்கிற நேரமும் நடக்கிற நேரமும் அதற்குள்தான் அடங்கும். அறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: நிலாவைப் பார்த்து நாள் குறியுங்கள்

புயல் பருவத்தையும் பெருங்காற்று மாதங்களையும் முதலில் நீக்கிவிடுங்கள். மிச்சமுள்ள மாதங்களில் அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமிகளையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் மிக உயரமாக ஏறி, மிக ஆழமாக வற்றும். நீரோட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே அடங்கியிருக்கும். புதிதாக நீந்துபவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் அஷ்டமிப் பக்கமே நல்லது. வற்றிய பாறைத்தட்டில் குட்டை குட்டையாக மீன் பார்க்க ஆசையென்றால் அமாவாசைப் பக்கம் போங்கள். இரவில் நட்சத்திரமும் கூடுதலாகக் கிடைக்கும்.

படி 2: ஓத அட்டவணையைப் படியுங்கள்

பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். தாய்லாந்து வளைகுடா போன்ற சில இடங்களில் ஒன்று மட்டுமே, ஆகவே அட்டவணையில் எத்தனை வரிகள் என்று முதலில் எண்ணுங்கள். இரண்டு ஏற்றமுள்ள கரைகளில் ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குச் சுமார் 6 மணி 12 நிமிடம். மறுநாள் எல்லாமே ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 8:00 மணிக்கு ஏற்றமென்றால் நாளை 8:50.

புதியவர்கள் ஏமாறுவது வேகத்தில். கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், ஆறு மணி நேரத்தில் அது 1, 2, 3, 3, 2, 1 என்ற கணக்கில் ஏறும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் 2.4 மீட்டர் வித்தியாசம் என்றால் முதல் மணியில் 20 செ.மீ., இரண்டாவதில் 40, மூன்றாவதிலும் நான்காவதிலும் 60, 60. மணல்திட்டுக்கு நடந்து போனவர் முதல் மணி நேரத்தில் கணுக்கால் நனைவதைப் பார்த்து, அவசரமில்லை என்று உட்கார்ந்துவிடுவார். மூன்றாவது மணியில் திரும்பும் வழி மூழ்கியிருக்கும். ஆகவே கணக்கு எளிது: வற்றத்துக்கு ஒன்றரை மணி முன்பு கிளம்புங்கள், வற்றம் தொடும் நிமிடத்தில் திரும்பி நடக்கத் தொடங்குங்கள்.

அட்டவணையில் போட்டிருக்கும் உயரம் உங்கள் காலடி ஆழம் அல்ல. வரைபடத்துக்கென வைத்த ஒரு அடிமட்டத்திலிருந்து அளந்தது. அது எந்தத் துறைமுகத்துக்கான அட்டவணை என்றும் பாருங்கள். தொலைவிலுள்ள துறைமுகமானால் நேரம் மாறும். படகோட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: படகு

காலைப் படகையே எடுங்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் கடற்காற்று வலுக்கும், அலையும் கூடவே எழும். வாந்தி வருபவர்கள் மாத்திரையைப் படகு கிளம்பும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. நடுவிலோ சற்றுப் பின்னாலோ உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் உதவாது.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டியபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை வந்தால் அது தளர்வு; நீரில் தலையைவிட்டே கழன்றுவிடும். டிரை பேக்கை (வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை) கழுத்துவரை அடைத்தால் வாயைச் சுருட்ட இடமிருக்காது, தண்ணீர் புகும். குறைந்தது மூன்று சுற்று சுருட்ட வேண்டும்.

திரும்பும் படகுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். காற்று மாறினால் படகு நிற்கும், அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பல நாட்கள் ஸ்கூபா முங்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் அந்த நாள் வீணாகாது.

படி 4: பை

ரொக்கம், வழக்கமான மருந்துகள், இணையமின்றித் திறக்கும் வரைபடம், குதிகாலை மூடும் ரப்பர் செருப்பு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஓ.ஆர்.எஸ். தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலையில் மாட்டும் விளக்கில் சிவப்பு ஒளி இருக்கட்டும். முட்டையிட வரும் ஆமைகளை வெள்ளை ஒளி குழப்பிவிடும்.

சன்ஸ்கிரீனை எல்லோரும் குறைவாகவே எடுத்துவருகிறார்கள். பெரியவர் ஒருவர் உடல் முழுக்கப் பூச 30 முதல் 35 மி.லி. தேவை, இரண்டு மணிக்கொருமுறை மறுபடியும். 100 மி.லி. குப்பி மூன்றே பூச்சில் காலி! அதைவிட முழுக்கை நீச்சல் சட்டை லாபம். முகம், கழுத்து, புறங்கை, கால்களுக்கு மட்டும் பூசினால் போதும். பசிபிக் தீவுகளான பலாவு 2020 முதலும் ஹவாய் 2021 முதலும், பவளத்துக்குக் கேடு என்று கருதி, ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் உள்ள சன்ஸ்கிரீன்களின் விற்பனையைத் தடை செய்துள்ளன. துத்தநாக ஆக்சைடு உள்ளதாக வாங்கினால் சிக்கலில்லை.

படி 5: தண்ணீர்

சிறு தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. அந்த ஒரு மீட்டரை இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு ஏறும். கோடை முடிவில் தீவுக் கிணறு கரிப்பது இதனால்தான். ஷவரை மறந்து வாளியில் குளியுங்கள். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. குடிநீருக்கு மழைநீர்த் தொட்டி உண்டா என்று அறை பேசும்போதே கேளுங்கள்.

படி 6: கடலில் இறங்குவது

முதலில் பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவே மட்டும் அமைதியாகக் கருத்துத் தெரியும் பாதைதான் புதியவர்களை ஈர்க்கும். அங்கேதான் நீர் கடலுக்குள் இழுக்கும். பவளப்பாறை சூழ்ந்த காயலில் பாறை இடைவெளியும் அப்படித்தான். வற்றும் நேரத்தில் காயல் நீரெல்லாம் அதன் வழியே வெளியேறும். ஏற்றத்துக்கு ஒரு மணி முன்பிருந்து ஏற்றம் வரை ஸ்நோர்கெல் செய்தால் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி நீருக்குள் பார்த்தால்) நீரும் தெளிவு, பாறையும் வயிற்றில் உரசாது. இழுவையில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்து, இழுவை விட்டபின் கரைக்குத் திரும்புங்கள்.

மாஸ்க்கைப் பட்டையில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சுங்கள். ஒட்டி நின்றால் அளவு சரி. கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் மீசையோ உள்ளே மாட்டிய முடியோதான். பட்டையை இறுக்கினால் கூடுதலாகக் கசியும்.

மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். திருக்கையோ கல்மீனோ குத்தினால் 45 டிகிரிக்கு மிகாத, பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்து, மருத்துவரிடம் போங்கள். ஜெல்லி மீன் பட்ட இடத்தை மணலால் தேய்க்கவோ நன்னீரால் கழுவவோ கூடாது. கடல்நீரால் கழுவுங்கள்.

பவளத்தில் காலூன்றாதீர்கள். பாறைபோல் திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன.

கிளம்பும்போது சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். கடினப் பவளங்களும் ராட்சதச் சிப்பிகளும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. அனுமதிச் சீட்டின்றி எல்லை கடந்தால் பறிமுதல், அபராதம். காலியாகத் தெரிந்த சங்குக்குள் சில நேரம், அதையே வீடாக்கிக்கொண்ட ஒரு துறவி நண்டு ஒடுங்கிக் கிடக்கும். அறையில் இரண்டாம் நாள் வரும் நாற்றத்தின் மூலம் அதுதான்.