ஒரு முழத் தூரத்தில்: சிறிய கேமராவில் கடலடிப் படங்கள்

ஸ்கூபா (காற்றுக் கலனை முதுகில் சுமந்து நீருக்கடியில் நீந்துவது) பயிற்சி முடித்த கையோடு பலரும் வாங்க நினைப்பது கேமராவைத்தான். ஆனால் இருபது முறையாவது கடலில் இறங்கி, கைகால்களை அடித்துக்கொள்ளாமல் ஓரிடத்தில் மிதந்து நிற்கப் பழகிய பிறகே அதைத் தொட வேண்டும் என்பது என் கருத்து. தன் உடலை நிறுத்தத் தெரியாதவர் கேமராவை அசையாமல் பிடிக்க முடியாது.

கருவிக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற கையடக்கக் கேமரா 15 மீட்டர் ஆழம் வரை வெறுமனே தாங்கும். அடிப்படைச் சான்றிதழ் பெற்றவர் இறங்கக்கூடிய எல்லை 18 மீட்டர். இந்த மூன்று மீட்டர் வித்தியாசத்துக்காகவே அதற்குரிய ஹவுசிங்கையும் (கேமராவை உள்ளே வைத்து மூடும் நீர்புகாப் பெட்டி) சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. அத்துடன் ஒரு சிறிய வீடியோ லைட் இருந்தால் போதும்.

படம் கெடுவதற்குப் பெரும்பாலும் கேமரா காரணமல்ல, தூரமே காரணம். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீட்டரிலேயே அது பெரிதும் மங்கிவிடும், பத்து மீட்டரைத் தாண்டினால் செந்நிற மீனும் சாம்பல் பூசியதுபோலத்தான் தெரியும். பக்கவாட்டுத் தூரமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து மீட்டர் ஆழத்தில், மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் பவளத்தை எடுத்தால், சூரிய ஒளி எட்டு மீட்டர் நீரைக் கடந்துதான் லென்ஸை அடைகிறது. அதே பவளத்தை ஒரு முழத்துக்கு நெருங்கி விளக்கடித்தாலோ, விளக்கொளி போகவர இரண்டு முழம் நீரையே கடக்கிறது. நிறம் அப்படியே வந்து நிற்கும். முகமூடி வழியே பார்க்கும்போது எதுவும் உண்மைத் தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகத் தோன்றும். ஆகவே, நெருங்கிவிட்டோம் என்று தோன்றும்போது இன்னும் கொஞ்சம் நெருங்க வேண்டும்.

கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியிருப்பதால், இடையே மிதக்கும் துகள்களெல்லாம் ஒளிர்ந்து படம் முழுக்கப் பனி பெய்தாற்போலாகும். அதை அணைத்துவிட்டு, லைட்டை இடக்கையில் எடுத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்க வேண்டும். லைட் இல்லாதவர்கள் வெள்ளை ஸ்லேட்டை லென்ஸ் முன் பிடித்து வெண்சமநிலையை (எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டி நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பு) அமைத்துக்கொள்ளலாம்; ஆழம் இரண்டு மூன்று மீட்டர் மாறினால் மறுபடியும் அமைக்க வேண்டும். குறைந்துபோன சிவப்பை ஈடுகட்டும் சிவப்பு வடிகட்டியை லென்ஸில் மாட்டிக்கொண்டு லைட்டும் அடிப்பவர்கள் உண்டு. படம் செக்கச்செவேலென்று வரும்.

பழகுவதற்கு ஏற்றது கோமாளி மீன். அந்தமானின் ஹேவ்லாக் தீவை ஒட்டிய ஆழமில்லாத பகுதிகளில் இதைக் காணலாம். தான் குடியிருக்கும் கடற்சாமந்தியை (பூப்போன்ற ஒரு கடல் உயிரினம்) விட்டு அது விலகிப் போகாது என்பதால், துரத்த வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். மீனின் மட்டத்துக்கோ சற்றுக் கீழேயோ இறங்கி நின்று, கண்ணில் குவியம் வைத்து, அது முகம் திருப்பும் தருணத்தில் எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் முதுகும் மணலும்தான் கிடைக்கும். பொத்தானை அழுத்தும்போது மூச்சை அடக்கும் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்ளும். அடக்கியபடியே சற்று மேலெழும்பினாலும் நுரையீரலுக்கு ஆபத்து. மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே அழுத்துங்கள். படத்துக்காகப் பவளத்தில் கைஊன்றுவதோ முழங்காலிடுவதோ கூடாது. இந்தியாவில் கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

ஹவுசிங்கின் மூடி வழியே நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். படகில் அவசரமாக மூடியபோது அதில் ஒட்டியிருந்த ஒற்றைத் தலைமுடி இரண்டு மீட்டரிலேயே தண்ணீரை உள்ளே விட்டது. ஆழத்தில் அழுத்தம் ஓ-ரிங்கை இறுக்கிப் பிடிக்கும் என்பதால், கசிவு பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே தெரியவரும். அன்று முதல் முந்தைய இரவே, குளிரூட்டிய அறையில், விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஓ-ரிங்கைச் சுற்றிலும் பார்த்து, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்து மூடிவிடுகிறேன். உலர்ந்த காற்றில் மூடினால் கண்ணாடியில் ஆவியும் படியாது. புது ஹவுசிங்கைக் கேமரா இல்லாமல் ஒரு டிஷ்யூ தாளை மட்டும் வைத்து முதலில் இறக்கிப் பாருங்கள். கரையேறியதும் அரைமணி நேரம் நன்னீரில் ஊறவிட்டு, பொத்தான்களை நீருக்குள்ளேயே பலமுறை அழுத்திவிட்டு, துண்டால் துடைத்து நன்கு காய்ந்த பிறகே திறக்க வேண்டும்.