ஒரு இனிஷியல் செய்த வேலை

பக்கத்து வீட்டு அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். மகனுக்கு ஆட்டிசம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி-க்கு மூன்று முறை எழுதிப்போட்டும் நிராகரிப்புதான். காகிதங்களை வாங்கிப் பார்த்தேன்: ஆதாரில் இனிஷியல் முன்னால், மருத்துவச் சான்றில் பின்னால். இதற்கா ஒரு வருஷ அலைச்சல்!

ஆதார் மையத்தில் பெயரைத் திருத்தி மறுபடி பதிந்தோம், அட்டை வந்தது. அதை வைத்து, மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் பையனைச் சேர்த்தோம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பதிவுக்கட்டணம் 250 ரூபாய், ஆண்டுக்கு 1 லட்சம் வரை காப்பீடு. தெரபி செலவும் இதில் அடங்கும். ஆனால் முதலில் நாம் செலவழித்து, பில் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதுதான் அக்காவுக்குக் கஷ்டம். மார்ச் 31-க்குள் புதுப்பிக்கவும் வேண்டும். பில்களெல்லாம் இப்போது அவர் வீட்டு அரிசி டப்பாவுக்குள் பத்திரம்.