ஏற்காட்டுப் பாதைக்கு மின்சார ஆட்டோ: வாங்கும் முன்பும் பின்பும் செய்யும் தவறுகள்

‘ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர்’ என்ற விளம்பரத்தை நம்பி மின்சார சரக்கு ஆட்டோ வாங்கினால், மலை ஏறும் முதல் நாளே கணக்கு உதைக்கும். சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தானே, நாலு நடை ஓட்டலாம் என்று வகுத்துப் பார்க்கிறார்கள். அந்த 120 சமதளத்து எண். இங்கே தூரத்தைவிட உயரம்தான் பேட்டரியைக் குடிக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500. வண்டி, உர மூட்டை, ஓட்டுநர் எல்லாம் சேர்த்து ஒரு டன் என்று வையுங்கள். அதை 1,200 மீட்டர் தூக்க மட்டுமே 3.3 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதும் சாலை உராய்வும் தனி. 7, 8 யூனிட் பேட்டரி என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் பாதிக்கு மேல் காலி. கடைக்காரரிடம் கிலோமீட்டரைக் கேட்காதீர்கள். முழுச் சுமையோடு ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளம்புமா என்று கேளுங்கள்.

மேலே இருப்பவர்களின் தவறு இதற்கு நேர்மாறு. ஏற்காடு மலையிலுள்ள நாகலூரில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, நூறு சதவீதம் ஆனதும் காப்பி மூட்டையோடு இறங்குகிறார்கள். இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் தயாரித்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த மின்சாரம் பேட்டரிக்குள் போயாக வேண்டும். நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? பிடிப்பு தளர்ந்து, மொத்த வேலையும் பிரேக் தலையில் விழுகிறது. ஒருமுறை நான் இப்படி இறங்கினேன். பாதி வளைவு தாண்டுவதற்குள் லைனிங் கருகும் வாடை மூக்கில் ஏறியது. ஓரமாக நிறுத்தி, சூடு தணியும்வரை குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன். இப்போது எண்பதிலேயே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

எல்லாவற்றிலும் ஆபத்தான சிக்கனம், இலவச விவசாய இணைப்பில் வண்டியை மாட்டுவது. மோட்டார் ரூமிலிருந்து ஒரு வயர்தானே என்று தோன்றும். அந்த இணைப்பு பாசனத்துக்குத் தரப்பட்டது. அனுமதித்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிக்கலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதங்களுக்கும் சேர்த்து. எட்டு யூனிட்டை மிச்சம் பிடிக்கப் போய் இது தேவையா?

இரவில் சார்ஜ் போட்டால் மலிவு என்பதும் வீட்டு இணைப்புக்குப் பொருந்தாது. நம் மீட்டர் யூனிட்டை எண்ணுகிறது, மணியைப் பார்ப்பதில்லை. 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த நேரவாரிக் கட்டண விதியும் பகலின் சூரிய ஒளி நேரத்தைத்தான் மலிவாக்கச் சொல்கிறது. வண்டி குடிக்கும் யூனிட்டுகள் வீட்டுச் செலவின் மேல் வந்து உட்காருகின்றன. ஆகவே சராசரி விலையில் அல்ல, பில்லின் கடைசி அடுக்கு விலையில் கணக்குப் போடுங்கள்.

சோலார் வைத்தவர்களுக்கு ஒன்று. மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரம் கம்பியில் சாய்ந்து கரண்ட் போனால், வெயில் அடித்தாலும் மின்வாரியக் கம்பியோடு இணைந்த கூரை சோலார் நின்றுவிடும். கம்பியில் ஏறும் லைன்மேனின் உயிருக்கான ஏற்பாடு அது. அப்போதும் சார்ஜ் வேண்டுமென்றால் சேமிப்பு பேட்டரியோடு, கரண்ட் போனாலும் வெளிக் கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்து ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும்.

மானியத்துக்குப் பழைய நோட்டீஸை நம்பாதீர்கள். மின்வண்டிகளுக்கு மத்திய அரசு மானியம் தந்த ஃபேம்-2 திட்டம் 2024 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில், இருசக்கர வண்டிக்கு ஒரு யூனிட் பேட்டரிக்கு 5,000 ரூபாயாக இருந்தது மறு நிதியாண்டே 2,500 ஆனது. விலைப்பட்டியலில் மானியம் தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.