ரேடியோ ரிசீவர்களின் ஆடியோவைக் காதால் அல்ல, கணக்கால் ஒப்பிட

"இந்த ரிசீவர் தெளிவு, அது மந்தம்" என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள். பேண்டில் வரும் குரல்கள் நொடிக்கு நொடி மாறும், அவற்றை வைத்து ஒப்பிடுவது வீண்வேலை. அந்த சாக்கெட்டில் ஒரு நாய்ஸ் சோர்ஸை (எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு இரைச்சல் தரும் கருவி) மாட்டுங்கள்.

சிக்னல் ஜெனரேட்டரால் ஒவ்வொரு டோனாகவும் ஓட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் ஏஜிசி (சிக்னலுக்கு ஏற்ப கெயினைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஆனில் இருந்தால் ஃபில்டரின் ஓரத்தில் டோன் பலவீனமாகும்போதெல்லாம் அது கெயினைத் தூக்கிவிடும், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வளைவு உண்மையைவிடத் தட்டையாக, அழகாக வந்து ஏமாற்றும். நாய்ஸின் மொத்த அளவு மாறாததால் இந்த வம்பு இல்லை.

இரண்டு ரிசீவரிலும் ஒரே சைட்பேண்ட் (யூஎஸ்பி அல்லது எல்எஸ்பி மோட்), ஒரே ஃபில்டர் அகலம். நாய்ஸ் ரிடக்‌ஷன், நாட்ச் (ஒற்றை விசிலை வெட்டும் ஃபில்டர்), ஈக்வலைசர் எல்லாம் ஆஃப்.

ஹெட்போன் ஜாக்கிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு (மைக் இன் வேண்டாம்) கேபிள் போடுங்கள். அதற்கு முன் சவுண்ட் கார்டின் அவுட்டை அதன் இன்னிலேயே செருகி, அதன் வளைவையும் எடுத்து வையுங்கள், பிறகு ரிசீவரின் வளைவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். ஒடாசிட்டி என்ற ஆடியோ மென்பொருளில் 48,000 ஹெர்ட்ஸில் ஒரு நிமிடம் பதிவு செய்து, ப்ளாட் ஸ்பெக்ட்ரமில் சைஸ் 4096 கொடுத்தால் ஒரு படி சுமார் 12 ஹெர்ட்ஸ், போதும்.

அப்புறம் 1000 ஹெர்ட்ஸில் இரண்டு வளைவையும் 0 டெசிபெலுக்கு இழுத்து, இரு பக்கமும் 6 டெசிபெல் இறங்கும் இடங்களைக் குறியுங்கள். 50 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒன்று நின்றால் அது கரன்ட் ஹம், ரிசீவரின் பாஸ் என்று மகிழ வேண்டாம்; ஆடியோ கேபிளின் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.