இங்கிலாந்து பூங்காவில் மெட்டல் டிடெக்டரா? முதலில் வரைபடம்

இங்கிலாந்தில் ஒரு பொதுப் பூங்காவில் மெட்டல் டிடெக்டரோடு தேட ஆசையா? அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுக்கு அனுமதி கேட்டு எழுதும் முன், பழமைச் சின்னங்களைக் காக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையதளத்தில், பாதுகாக்கப்பட்ட இடங்களைக் காட்டும் தேசிய மரபுப் பட்டியலின் வரைபடத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். இலவசம்தான், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பூங்காவுக்குள் பழைய கோட்டை மேடோ புதைமேடோ பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பதிவாகியிருந்தால், அந்த எல்லைக்குள் கவுன்சிலின் சம்மதம் மட்டும் போதாது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் உரிமமும் வேண்டும்; இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம், தோண்டாவிட்டாலும்கூட. இதை முன்பே பார்த்துவிட்டால் வீண் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

வரைபடத்தில் எதுவும் இல்லையா? சரி, அப்போதும் கவுன்சிலின் அனுமதி கட்டாயம். பொதுப் பூங்காவில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு, தோண்ட இல்லை. பதிலை எழுத்தில் வாங்கி, போகும்போது கையில் வைத்திருங்கள். அப்புறம், புதையல் என்று கருதத்தக்க பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் கரோனருக்கு (புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். இதில் தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.

லண்டன் ஹைட் பார்க் போன்ற அரச பூங்காக்கள் கவுன்சிலின் கீழ் வராதவை, அவற்றுக்குத் தனி விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கும் இந்த வரைபடம் உதவாது.